அத்தியாயம் 4: எந்தக் கேள்விக்கு எந்த ஆதாரம்?

ஸ்ரீரங்கத்தில் சிறிய அளவில் வாழைக்காய் சிப்ஸ் போட்டு, பொட்டலம் கட்டி விற்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காய்க்குப் பஞ்சமில்லை. தொட்டியம், முசிறி, லால்குடி, அந்தநல்லூர் எங்கும் வாழைத் தோட்டம். வாங்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. ரங்கநாதர் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வராத நாளே கிடையாது. இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் நம்பி நகையை அடகு வைத்துக் கடை போட்டுவிடாதீர்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் காய் என்ன விலைக்குக் கிடைக்கும், வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் சிப்ஸ் வாங்குவார்கள் என்பதை இரண்டும் சொல்லவில்லை.

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு பக்க ஆதார அட்டவணை இருக்கும். வங்கிக்குப் போனாலும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனாலும் திட்ட அறிக்கைக்கு அதுதான் அடித்தளம். சிப்ஸை எடுத்துக்காட்டாக மட்டுமே வைத்திருக்கிறேன். துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை தொடங்குபவருக்கும், உத்திர வீதியில் மெஸ் நடத்த நினைப்பவருக்கும் முறை இதேதான்.

தேவையானவை

- ஒரு நோட்டுப் புத்தகம், பேனா
- இணைய வசதியுள்ள கைபேசி
- சமையலறைத் தராசு
- மூன்று, நான்கு வார அவகாசம்

நான்கு வகை ஆதாரங்கள்

1. நேரடி ஆதாரம்: சம்பவம் நடந்த இடத்திலேயே, நடந்த காலத்திலேயே பிறந்தது. மண்டியில் நீங்கள் கேட்டு எழுதிய விலை, கடைவாசலில் எண்ணிய ஆட்கள், ஒரு நிறுவனம் தாக்கல் செய்த கணக்கு ஆகியவை இதில் அடங்கும்.
2. இரண்டாம் நிலை ஆதாரம்: நேரடித் தகவலைப் பிறர் தொகுத்து விளக்கியது. செய்திக் கட்டுரை, ஆய்வேடு, தொழில் அறிக்கை.
3. மூன்றாம் நிலை ஆதாரம்: தொகுத்தவற்றையும் சுருக்கித் தருவது. கலைக்களஞ்சியம், கையேடு, செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் பதில்.
4. உங்கள் சொந்தக் கணக்கு: நீங்களே சமைத்து, எடைபோட்டு, விற்றுப் பார்த்த கணக்கு. இதுவும் நேரடி ஆதாரம்தான். ஆனால் பலரும் இதை மறந்துவிடுவதால் தனியாகச் சொல்கிறேன்.

இந்த வேறுபாட்டை ஸ்ரீரங்கம் கோயிலே காட்டும். சுவர்க் கல்வெட்டு ஒன்று, ஒரு கொடையை அது பதியப்பட்ட காலத்திலேயே சொல்கிறது. ‘கோயிலொழுகு’ பல தலைமுறைகள் தொகுத்த வரலாறு. கல்வெட்டு துல்லியமானது என்றாலும் அந்த ஒரு கொடைக்கு மேல் பேசாது. ஒழுகு முழுக் கதையையும் சொல்லும், ஆனால் ஒவ்வொரு விவரத்தையும் சரிபார்க்க வேண்டும். வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் படிக்கிறார்கள். வணிக ஆய்விலும் அப்படியே செய்யுங்கள்.

படி 1: கேள்விகளை முதலில் எழுதுங்கள்

‘சிப்ஸ் வியாபாரம் எப்படி?’ என்று கேட்டால் பதில் வராது. உடைத்துக் கேளுங்கள்.

- நேந்திரன் காய் மாதவாரியாக என்ன விலை?
- பத்துக் கிலோ காயிலிருந்து எத்தனை கிலோ சிப்ஸ் தேறும்?
- கோயிலைச் சுற்றி இப்போது யார் விற்கிறார்கள்? என்ன விலை, எத்தனை கிராம்?
- சாதாரண நாளில் எவ்வளவு விற்கும்? திருவிழா நாளில் எவ்வளவு?
- என்ன உரிமம், என்ன வரி?
- கடை வாடகை, முன்பணம் எவ்வளவு?

*குறிப்பு:* ‘இந்தப் பதில் மாறினால் என் முடிவு மாறுமா?’ என்று ஒவ்வொரு கேள்வியிடமும் கேளுங்கள். மாறாது என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள்.

படி 2: மூன்றாம் நிலையில் தொடங்குங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள்

முதல் நாள் இணையத்தில் தேடுங்கள். செயலியிடமும் கேளுங்கள். தொழிலில் புழங்கும் சொற்கள், அலுவலகங்களின் பெயர்கள், திட்டங்களின் பெயர்கள் இங்கே கிடைக்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். மூல ஆவணத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனா.

படி 3: அரசுப் புள்ளிவிவரங்களை எடுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு, அக்மார்க்நெட் தளத்தின் சந்தை விலைகள் ஆகிய நான்கும் செலவில்லாதவை. ஆனால் எண்ணை எழுதுமுன் நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

எல்லைச் சோதனை. 2011 கணக்கெடுப்பில் ‘திருச்சி’க்கு ஒரே மக்கள்தொகை இல்லை. மாநகராட்சிக்கு 8,47,387. சுற்றுப்புறங்களைச் சேர்த்த நகர்த்திரளுக்கு 10 லட்சத்துக்கு மேல். மாவட்டத்துக்கு 27,22,290. மூன்றும் சரி. எதை எடுத்தீர்கள் என்பதை எழுதாமல் விட்டால், உங்கள் சந்தை மூன்று மடங்கு பெருத்துத் தெரியும்.

தேதிச் சோதனை. அந்த மக்கள்தொகை எண் 2011-ஐச் சேர்ந்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 1.3.2027 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஊர் மாறிவிட்டது. 2024 ஜனவரியில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2025இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறக்கப்பட்டு வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போயின. மத்திய பேருந்து நிலையக் கூட்டத்தை வைத்து எழுதிய பழைய திட்ட அறிக்கையை அப்படியே எடுத்தால் கணக்கு தப்பும். வரியும் அப்படித்தான். பொட்டலமிட்ட நொறுக்குத்தீனிகள் பலவற்றின் ஜிஎஸ்டி 22.9.2025 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட கையேட்டில் பழைய விகிதம்தான் இருக்கும்.

வரையறைச் சோதனை. ‘குறுந்தொழில்’ என்ற சொல்லின் அளவு 2006க்குப் பிறகு இரண்டு முறை மாறியிருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தித் தொழிலில் இயந்திர முதலீடு 25 லட்சம் ரூபாய் வரை. 1.7.2020 முதல் முதலீடு 1 கோடி, விற்றுமுதல் 5 கோடி வரை. 1.4.2025 முதல் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. ஆகவே 2015ஆம் ஆண்டுப் பட்டியலையும் 2025ஆம் ஆண்டுப் பட்டியலையும் வைத்துக் ‘குறுந்தொழில்கள் இத்தனை மடங்கு பெருகின’ என்று எழுதினால், வளர்ச்சியில் ஒரு பகுதி வரையறை மாறியதால் வந்ததாக இருக்கும்.

அலகுச் சோதனை. அக்மார்க்நெட் குவிண்டாலுக்கு விலை தருகிறது. குறைந்த விலை, அதிக விலை, பெரும்பான்மை விலை என மூன்று இருக்கும். மண்டியில் ரகத்தைப் பொறுத்துத் தார்க் கணக்கிலும் பேசுவார்கள், எடைக் கணக்கிலும் பேசுவார்கள். தாரின் எடை ரகத்துக்கு ரகம் மாறும், காம்பும் எடையில் சேரும். எல்லாவற்றையும் ‘உரித்த காய் ஒரு கிலோ’ என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

*எச்சரிக்கை:* 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய், ஊர்ப்புறத்தில் 5,310 ரூபாய். அகில இந்திய நகர்ப்புறச் செலவில் பானம், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவுக்குப் போவது 10.64 சதவீதம். இந்த எண்களை ஊர் மக்கள்தொகையால் பெருக்கி ‘திருச்சியின் சிப்ஸ் சந்தை’ என்று எழுதிவிடாதீர்கள். முதல் இரண்டு எண்களும் மாநிலச் சராசரி, மூன்றாவது நாட்டின் சராசரி. அந்த 10.64 சதவீதத்துக்குள் காபியும் ஓட்டல் சாப்பாடும் அடங்கும். மக்களிடம் செலவழிக்கப் பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இது பதில். உங்கள் பொட்டலம் விற்குமா என்ற கேள்விக்கு இது பதிலே அல்ல.

படி 4: ஆவணங்களைத் தேடுங்கள்

சட்டப்படி தாக்கல் செய்யப்படும் ஆவணங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. தவறாக எழுதினால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

- நிறுவன விவகார அமைச்சகத் தளம்: போட்டியாளர் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் அவருடைய ஆண்டுக் கணக்கைச் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். தனி உரிமையாளர் கடைகள் இதில் இருக்காது. ஸ்ரீரங்கத்துச் சிறுகடைகளைத் தேட இது உதவாது.
- பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கை: திருவெறும்பூர் பெல் ஆலைக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறை வைக்க நினைப்பவர், பெல் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் பங்குச்சந்தை அறிவிப்புகளையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் படிக்க வேண்டும். பெல் ஆர்டர்கள் சரிந்தபோது அதை மட்டுமே நம்பியிருந்த துணைத் தொழிற்கூடங்கள் பல முடங்கிய அனுபவம் திருச்சிக்கு உண்டு. பெரிய நிறுவனத்தின் கையிலிருக்கும் ஆர்டர் எவ்வளவு என்பது பொதுவெளியில் கிடைக்கும் தகவல்.
- வணிகச்சின்னப் பதிவேடு: நீங்கள் வைக்க நினைக்கும் பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று செலவில்லாமல் பார்க்கலாம். லேபிள் அச்சடிக்குமுன் பாருங்கள்.
- உணவுப் பாதுகாப்பு ஆணையத் தளம்: பதிவா, உரிமமா என்பதையும் கட்டணத்தையும் இங்கேயே பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இடைத்தரகர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.
- ஏல அறிவிப்புகள்: மாநகராட்சிக் கடைகள், கோயில் கடைகளின் ஏல அறிவிப்பில் தொடக்கத் தொகை இருக்கும். வாடகை நிலவரத்துக்கு நல்ல தடயம். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு மனை விலைக்கானது. அதைப் பார்த்து வாடகையைக் கணிக்காதீர்கள்.
- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: அரசு அலுவலகத்தில் இருக்கும் விவரம் வெளியிடப்படவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன்?’ என்று கேட்காதீர்கள், ‘எந்த ஆவணம், எந்த ஆண்டு’ என்று கேளுங்கள். பிற நிறுவனங்களின் வணிக ரகசியத்தைத் தர மறுக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு.

படி 5: துறை அறிந்தவர்களிடம் போங்கள்

வாழை என்றால் நாட்டிலேயே முதன்மையான இடம் திருச்சியில்தான் இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், தாயனூர் அருகே தோகைமலை சாலையில் உள்ளது. எந்த ரகம் வறுவலுக்கு ஏற்றது, காய் எந்தப் பருவத்தில் வெட்டப்பட வேண்டும், மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது என்று அங்கே கேளுங்கள். நிதித் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையம். ஆய்வேடுகளுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழக நூலகமும் உள்ளூர்க் கல்லூரி நூலகங்களும். பயன்படுத்த அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* விஞ்ஞானியிடம் விற்பனையைக் கேட்காதீர்கள், வியாபாரியிடம் விஞ்ஞானத்தைக் கேட்காதீர்கள். அவரவர் அன்றாடம் கையாளும் விஷயத்தில்தான் அவரவர் நல்ல ஆதாரம்.

படி 6: களத்தில் இறங்குங்கள்

*மண்டி.* காந்தி மார்க்கெட் பகுதியின் வாழைக்காய் மண்டிக்கு விடியற்காலையில் போங்கள். வியாபாரம் சூடாக நடக்கும்போது யாரையும் நிறுத்திப் பேசாதீர்கள். ஓய்ந்தபின் பேசுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். விலையோடு ரகம், தரம், அலகு, கமிஷன், ஏற்றுக்கூலி, தேதி ஆகிய ஆறையும் எழுதுங்கள்.

*எண்ணிக்கை.* ராஜகோபுரம் முன்பும், அம்மா மண்டபம் சாலையிலும் ஓரிடம் தேர்ந்து அரை மணி நேரம் எண்ணுங்கள். கடந்துபோனவர்கள் எத்தனை, நொறுக்குத்தீனிக் கடையில் நின்றவர்கள் எத்தனை, பையோடு திரும்பியவர்கள் எத்தனை என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது பத்தி. சாதாரண வேலைநாள், சனிக்கிழமை, ஏகாதசி, திருவிழா நாள் என நான்கு வகை நாளிலும் எண்ணுங்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை மட்டும் பார்த்து ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டால் மற்ற மாதங்களில் வாடகைகூடத் தேறாது. புரட்டாசிச் சனிக்கிழமையையும் ஆடிப்பெருக்கையும் இதேபோல் தனியாக வையுங்கள்.

*பேச்சு.* கேள்வி சரியாக இருந்தால்தான் பதில் சரியாக வரும். சித்திரை வீதிக் கடைக்காரர் ஒருவரிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

“அண்ணே, வாழைக்காய் சிப்ஸ் போட்டா நல்லாப் போகுமா?”

“போகும் தம்பி, தாராளமாப் போடுங்க.”

இது வாழ்த்து. ஆதாரம் ஆகாது. இதையே மாற்றிக் கேளுங்கள்:

“அண்ணே, போன வாரம் சிப்ஸ் எத்தனை பாக்கெட் எடுத்தீங்க? அதுல எத்தனை மிச்சம்?”

“இருபது எடுத்தேன் தம்பி. ஏழெட்டு நிக்குது. எண்ணெய்ச் சிக்கு வாடை அடிச்சா யாரும் தொட மாட்டாங்க.”

எண்ணும் கிடைத்தது, மிச்சமும் தெரிந்தது, காரணமும் வந்தது. நடக்கப்போவதைக் கேட்டால் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால் நினைவிலிருந்து சொல்வார்கள்.

படி 7: சொந்தக் கணக்கு போடுங்கள்

பத்துக் கிலோ காய் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். தோலுரிக்குமுன் எடை, உரித்தபின் எடை, எண்ணெய் ஊற்றிய அளவு, மீந்த அளவு, எரிவாயு உருளையின் முன் எடையும் பின் எடையும், கடைசியில் சிப்ஸின் எடை என்று வரிசையாக எழுதுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இயந்திரம் விற்பவரின் அட்டையில் உள்ள ‘தேறும் அளவு’ உங்கள் சராசரியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் திட்ட அறிக்கையில் உங்கள் எண்ணையே போடுங்கள்.

படி 8: பிறப்பிடம் பாருங்கள்

முக்கியமான ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு ஆதாரங்கள் வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறந்திருக்க வேண்டும். ஒரு செய்தித்தாள், ஒரு யூடியூப் காணொளி, ஒரு செயலி மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லலாம். மூன்றும் ஒரே நிறுவனத்தின் விளம்பரக் குறிப்பிலிருந்து எடுத்திருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஓர் ஆதாரம்தான். ‘இந்த எண்ணை முதலில் யார், எப்படி எண்ணினார்கள்?’ என்று பின்னோக்கிப் போங்கள். எண்ணியவரை எட்ட முடியாவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

மண்டி விலையும் அக்மார்க்நெட் விலையும் முரண்பட்டால் சராசரி போடாதீர்கள். ரகம், தரம், தேதி, அலகு ஆகியவற்றில் எது மாறியிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் முரண்பாட்டின் காரணமே உங்களுக்கு வேண்டிய தகவலாக இருக்கும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. விற்பவரையே ஆதாரமாக்குவது. 2012இல் பெருந்துறையை மையமாகக் கொண்டு அம்பலமான ஈமு கோழி மோசடியை நினைவில் வையுங்கள். குஞ்சு தந்து, வளர்ந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நிறுவனங்கள் உறுதி சொன்னதை நம்பிப் பலர் சேமிப்பை இழந்தார்கள். ஈமு இறைச்சியை வெளிச்சந்தையில் யார் வாங்குகிறார்கள் என்று தனியாக ஒரு கடையில் விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். ‘இயந்திரம் வாங்குங்கள், பொருளை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்ற விளம்பரங்களுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.
2. பழம்பெருமையைச் சந்தை என்று நினைப்பது. உறையூர்ச் சுருட்டும், பட்டை தீட்டிய செயற்கை வைரக்கற்களும் திருச்சியின் பெயரை ஒருகாலத்தில் வெளிநாடுவரை கொண்டுபோயின. இயந்திரத்தில் தீட்டிய இறக்குமதிக் கற்கள் வந்தபின் கல் தொழில் சுருங்கியது. 1907இல் வந்த ஹெமிங்வேயின் திருச்சி மாவட்டக் கெசட்டியர் (அரசு விவரத் தொகுப்பு) வரலாற்றுக்குச் சிறந்த நூல், இன்றைய முதலீட்டுக்கு ஆகாது.
3. வென்றவர்களை மட்டும் கேட்பது. கடையை மூடியவர் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். வாடகை, கடன், மழைக்கால நஷ்டம் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை.
4. உறவினர் பேச்சைக் கருத்துக்கணிப்பு என்று கொள்வது. அன்பினால் சொல்வார்கள். பணம் கொடுத்து வாங்கிய அந்நியர் ஒருவரின் சாட்சியம் அதைவிடப் பெரிது.
5. தேதி எழுதாமல் விடுவது. தேதியில்லாத விலை ஒரு மாதத்தில் செல்லாக்காசு.

பாதுகாப்பும் நேர்மையும்

- நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வாடிக்கையாளர்போல் நடித்துத் தொழில் ரகசியம் பறிப்பது தவறு. சிறிய ஊரில் அது ஒரே நாளில் வெளியே வந்துவிடும்.
- பெயர், கைபேசி எண்ணை அனுமதியில்லாமல் குறிக்காதீர்கள், பகிராதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. ‘கடைக்காரர் அ, சித்திரை வீதி’ என்று எழுதினால் போதும்.
- கோயிலுக்குள் ஆய்வு என்று கூட்டத்தை மறிக்கவோ படமெடுக்கவோ வேண்டாம். வெளி வீதிகளிலும் பக்தர்களின் வழியை விட்டு ஒதுங்கி நின்று எண்ணுங்கள்.
- ‘அரசு மானியம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது சொன்னால் பணம் தராமல் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரியுங்கள். ஆதார், வங்கி விவரங்களை அறிமுகமில்லாத தளங்களில் பதியாதீர்கள்.
- கொதிக்கும் எண்ணெயோடு சோதனை செய்யும்போது குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். ஈரக் காயை எண்ணெயில் போடாதீர்கள்.

ஒரு பக்க அட்டவணை

நோட்டில் ஆறு பத்திகள் வரையுங்கள்: கேள்வி, பதில், முதல் ஆதாரம், இரண்டாம் ஆதாரம், தேதி, நம்பிக்கை. நம்பிக்கைப் பத்தியில் மூன்றே சொற்கள்: ‘உறுதி’, ‘ஓரளவு’, ‘ஊகம்’.

பிறகு இப்படி முடிவெடுங்கள்:

1. காய் விலை, தேறும் அளவு, சாதாரண நாள் விற்பனை, வாடகை ஆகிய நான்கும் ‘உறுதி’ ஆகும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.
2. ‘ஓரளவு’ என்று உள்ளவற்றில் உங்களுக்குப் பாதகமான எண்ணை எடுத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் லாபம் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.
3. ‘ஊகம்’ என்று உள்ளவற்றை, வாடகைக் கடை எடுக்காமல், இரண்டு மூன்று கடைகளில் விற்ற பின் பணம் வாங்கும் முறையில் சில பாக்கெட் வைத்துச் சோதியுங்கள். இதற்கும் பதிவு தேவையா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

அட்டவணை ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதைக் கேளுங்கள். சில வார உழைப்பில் பல லட்சம் கடனைத் தவிர்த்திருக்கிறீர்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தொழிலுக்கு மண்டிக்காரர்களின் அறிமுகமும் வாடகை நிலவரமும் அதில் தயாராக இருக்கும். ‘சரி’ என்று சொன்னால், அடுத்த அத்தியாயத்தில் இந்த எண்களை வங்கி ஏற்கும் திட்ட அறிக்கையாக மாற்றுவோம்.